நூலுக்கு அடங்காத கூகை

சிங்காரம் நெல் வியாபாரி ஷஃபியுல்லாவுக்கு நானூற்று எண்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். கருங்கல்லுக்கு முந்நூறு, அந்தக் கல்லைப் படாளத்துக்கு மேற்கேயுள்ள கல்குழியிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஏற்றிவந்த லாரிக்கு நூறு, பட்டறைக்குப் போட்ட தகரக் கூரைக்கு எண்பது. எழுபத்து நாலாம் வருஷத்தில் அது சின்னத் தொகை இல்லை. நாள் முழுக்க உளி பிடித்தால் ஆறு ரூபாய் கூலி கிடைத்த காலம்.

கடன் வாங்கியதே தன் வாழ்க்கையில் நடந்த அசிங்கம் என்று சிங்காரம் நினைத்தார். மற்றவன் வாங்கினால் அது கொடுக்கல் வாங்கல். சிங்காரம் வாங்கினால் அசிங்கம். ஏனென்றால் அவர் யாரிடமும் கைநீட்டாமல் மேலே வந்த ஆள். நெம்மேலிக் குப்பத்தில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, மீன் நாற்றம் பிடிக்காமல் போன ஒரே பிள்ளை அவர்தான். கருவாட்டுக் கூடையைக் கண்டால் குடல் புரளும். கட்டுமரத்தில் ஏற்றினால் அலைக்கு வாந்தி எடுக்கமாட்டார், காலடியில் கிடக்கிற இரைமீன் நாற்றத்துக்கு எடுப்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார், பதினைந்து வயதில் குப்பத்தை விட்டார். திருக்கழுக்குன்றம் தெருக்களில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு போனார். அம்மி கொத்தின கை, பிறகு விளக்கு மாடம் கொத்தியது, பிள்ளையார் கொத்தியது, முப்பத்தைந்து வயதில் மயிலேறிய முருகனைக் கொத்தியது. சிற்பக் கல்லூரி வாசற்படியை அவர் மிதித்ததில்லை. அங்கே படித்து வந்தவர்கள் அவர் பட்டறைக்கு வந்து, வேலையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். அந்தப் பேசாமையைத்தான் சிங்காரம் தன் பட்டம் என்று சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட ஆளைக் கடனாளி ஆக்கியது ஒரு பறவை.

கல்பாக்கத்தில் அணு மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கெங்கிருந்தோ இஞ்சினியர்கள் குடும்பத்தோடு வந்து குடியிருப்பில் இறங்கியிருந்தார்கள். அதில் வங்காளத்து கங்குலி அம்மா ஒருத்தி. ஐப்பசிப் பௌர்ணமிக்கு அவர்கள் வீட்டில் லட்சுமி பூஜையாம். கல்லில் ஒரு லட்சுமி வேண்டும், இரண்டடி உயரம், நின்ற கோலம். விலை ஆயிரத்து நூறு. முந்நூறு முன்பணம். எல்லாம் சரி என்று சிங்காரம் தலையாட்டியபோது அந்த அம்மா கடைசியாகச் சொன்னாள்.

"காலடியில் பெஞ்சா வேணும். லட்சுமிக்கு வாகனம் பெஞ்சா."

"பெஞ்சான்னா இன்னாம்மா?"

அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. இரண்டு கையையும் முகத்தைச் சுற்றி வட்டமாக வைத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, "க்ரீச்" என்று கத்திக் காட்டினாள். பட்டறை வாசலில் மோர் கொண்டுவந்த அவர் மனைவி சம்பூர்ணம் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாக்குருவியா! லட்சுமி காலாண்டயா! தூ தூ தூ" என்று மூன்று தரம் மண்ணில் துப்பினாள்.

அன்று சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை.

"இன்னாய்யா, கூரை மேல வந்து குந்திக் கத்தினாலே கல்லெடுத்து அடிக்கிறோம். நீ கல்லெடுத்து அதையே செய்யப் போறியா?"

"அவுங்க ஊர்ல அது லட்சுமிக்கு வண்டியாம். எனக்கு மட்டும் ஆசையா? எட்டு நூறு பாக்கி வருது, வாயை மூடு."

"வண்டியாம் வண்டி. பீடை. உன் உளி மொட்டையாப் போவும் பாரு."

சிங்காரத்துக்கும் உள்ளுக்குள் அருவருப்புதான். ஆனால் கல் வந்து இறங்கிவிட்டது, கடனும் ஏறிவிட்டது. லட்சுமியை அவர் ஆறு வாரத்தில் முடித்தார். அந்த லட்சுமியைப் பார்த்தவர்கள் கைகூப்பினார்கள் என்றால் அது பொய்யில்லை. கூகையை மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டே செய்தார். அதை அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்கப் பிடித்ததுமில்லை. அதனால் கைப்பழக்கம் சொன்னபடி செய்தார். நந்தியானாலும் கருடனானாலும் வாகனம் என்றால் சாமியைப் பக்தியோடு பார்க்கவேண்டும். எனவே லட்சுமியின் வலது காலடியில் நேராக முன்னோக்கி உட்கார வைத்து, கண்விழியை மட்டும் ஓரமாக ஓட்டி, அம்மாளைப் பார்க்கிறாற்போல் வைத்தார். தலைக்கு மேலே காது என்று இரண்டு கொம்பு. கிளிக்கு வைக்கிற மூக்கு. செங்காவியில் தோய்த்த நூலை நெற்றி நடுவில் பிடித்துச் சுண்டி, இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே என்று வேலையை முடித்தார்.

கங்குலி அம்மா வந்தாள். லட்சுமியைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கும்பிட்டாள். பார்வை கீழே இறங்கியது. முகம் சுருங்கியது.

"மேஸ்திரி, இது பூனை."

"பூனை இல்லம்மா. நீ கேட்ட பெஞ்சா."

"பூனை. பூனைக்கு மூக்கு வெச்சிருக்கு. எங்க பெஞ்சாவுக்குக் கொம்பு இல்லை. முகம் தட்டு மாதிரி. இது கண்ணு… சீ, இப்படிப் பார்க்குது." அவள் தன் கண்ணைக் கடைக்கண்ணுக்கு ஓட்டிக் காட்டினாள். தெருவில் பெண்களைப் பார்க்கிற போக்கிரியின் பார்வை அது. "பூஜையில் இதை வைக்க முடியாது. பௌர்ணமிக்குள் சரி செய். முடியலைன்னா முன்பணம் திருப்பிக் கொடு."

அவள் போன பிறகு சிங்காரம் சிலையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நிலைமை என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த அம்மா வாங்கவில்லை என்றால் வேறு எவன் வாங்குவான்? மதுராந்தகத்திலிருந்து மெட்ராஸ் வரை சாக்குருவி வைத்த லட்சுமியை எவன் வீட்டில் சேர்ப்பான்? முன்பணம் எப்போதோ சாப்பாடாகவும் உளி இரும்பாகவும் கரைந்துவிட்டது. ஷஃபியுல்லா, பௌர்ணமிக்கு மேல் பொறுக்கமாட்டேன், தகரக் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போவேன் என்று ஏற்கெனவே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். கூரை போனால், மழை தொடங்குகிற மாசத்தில் பட்டறை போன மாதிரி.

கல்லில் ஒட்டுப் போட முடியாது என்பதுதான் கொடுமை. மண்ணாக இருந்தால் பிசைந்து அப்பலாம். கருங்கல்லில் எடுக்கலாம், சேர்க்க முடியாது. அந்தத் தலையில் மிச்சமிருந்த கல் ஒரு தேங்காய் அளவு. அதற்குள் ஒரு சரியான கூகை இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பீடையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

"கூகை எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சம்பூர்ணம். சிரிப்பை அடக்க அவள் முந்தானையைக் கடித்தாள். "சதுரங்கப்பட்டினத்துல உன் கடன்காரன் பாய் கிடங்கு கீதே, அதும் பரண்ல குடும்பத்தோட கீது. போ, போய் சலாம் போடு."

ஷஃபியுல்லாவின் கிடங்கு பழைய காலத்துச் சுவர் வைத்த கட்டடம். நெல்லும் வேர்க்கடலையும் அடுக்கி, பனங்கை மேல் ஓடு வேய்ந்திருக்கும். வாசலில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷஃபியுல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். சிங்காரத்தைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாய்யா மேஸ்திரி. டப்பு கொண்டாந்தியா?"

"இல்ல பாய். உன் கூகையைப் பாக்க வந்தேன்."

"நானூத்தி எம்பது ரூபா குடுக்கணும். குடுக்காம கூகை பாக்க வந்துகிறியா? தலைக்கு எண்ணெய் வெச்சிக் குளி மேஸ்திரி, சூடு ஏறிக்கீது."

சிங்காரம் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க ஷஃபியுல்லாவுக்குச் சிரிப்பு பொங்கிற்று. மறுபடி எடுத்துக் குடித்த டீ தாடியெல்லாம் தெறித்தது.

"அப்போ என் பணம் கூகை மூஞ்சில கீதுன்னு சொல்லு! பாரு, தாராளமாப் பாரு. ஆனா ஒண்ணு. பரணு ரெண்டு வருசமா கூட்டல. என் ஆளுங்க எவனும் மேல ஏற மாட்டேன்றான், அபசகுனமாம். நீ பாக்கத்தானே மேல ஏறப்போற? அப்படியே வழிச்சு எடுத்துட்டு வந்துடு."

"நானா? சாமி கண்ணு தொறக்கிற கை பாய் இது."

"அதான் கேக்கறேன். சுத்தமான கை."

"நீ வட்டி வாங்க மாட்டேன், ஹராம்னு சொல்லுவியே. இது இன்னா, வட்டி இல்லாம?"

"இது வட்டி இல்லய்யா, கூகை பாக்க டிக்கட்டு" என்று சொல்லி ஷஃபியுல்லா மூங்கில் ஏணியைக் காட்டினார்.

வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு, துடைப்பமும் முறமுமாகச் சிங்காரம் ஏறினார். துண்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. கருவாடு, அழுகின கறி, நனைந்த நாய், மூத்திரம், எல்லாம் ஒரே சட்டியில் வெந்த மாதிரி நாற்றம். நெம்மேலியில் விட்டுவிட்டு வந்த நாற்றம் முப்பது வருஷம் கழித்து இங்கே உட்கார்ந்து தனக்காகக் காத்திருந்தது என்று தோன்றியது. பலகையெல்லாம் சுண்ணாம்பு ஊற்றினாற்போல் எச்சம். அதன்மேல் கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள், நூற்றுக்கணக்கில். சாணம் என்று நினைத்து ஒன்றை முறத்தில் தள்ளியபோது அது உடைந்தது. உள்ளே எலி மயிர். மயிருக்குள் எலியின் மண்டையோடு, பல்லோடு முழுசாக. அடுத்ததை உடைத்தார். அதிலும் மண்டை. விழுங்கிவிட்டு, கறியைச் செரித்துவிட்டு, மயிரையும் எலும்பையும் வாய் வழியாகக் கக்கி வைத்திருக்கிறது. சிங்காரத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஏணியில் பாதி இறங்கி வந்து ஓங்கரித்தார்.

"இன்னா மேஸ்திரி, நாஷ்டா ஒத்துக்கலையா?" என்று கீழேயிருந்து குரல்.

"வாயை மூடு பாய்!"

மறுபடி ஏறினார். அவருக்கு வீம்பு இருந்தது. வீம்பு இல்லாவிட்டால் அம்மி கொத்துகிறவன் முருகன் கொத்த முடியுமா? கூட்டிக்கொண்டே போனபோது மூலையில் மூன்று குஞ்சுகள் எழுந்து நின்றன. பஞ்சு மூட்டைக்கு முகம் வைத்த மாதிரி. பாம்பு சீறுவதுபோல் மூன்றும் சேர்ந்து சீறின. சிங்காரம் முறத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்போதுதான் உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பெரிய கூகையைக் கண்டார். உடம்பு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. முகம் மட்டும் அவரைப் பார்த்தது. முதுகுக்கு மேலே முகம்!

ஒரு குச்சியை எடுத்து மெதுவாக இடமிருந்து வலமாக ஆட்டினார். எந்தக் கண்ணும் குச்சியைத் தொடர்ந்து ஓடியிருக்கும். மாடானாலும் மனுஷனானாலும் விழி ஓடும். இதன் விழி ஓடவில்லை. அசையாமல் இரண்டு கருப்புக் குழியாக இருந்தது. ஓடியது தலை. குச்சி போகிற பக்கம் தலை முழுசாகச் சுழன்றது. தோளைத் தாண்டி, முதுகைத் தாண்டி, இதற்குமேல் போனால் முறிந்துவிடும் என்கிற இடத்தையும் தாண்டி. கழுத்தில் மரை வைத்துத் திருகிவிட்ட மாதிரி இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைத் தோல் குறுக்காக வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போயிற்று. சோற்றுக் கஞ்சியில் படிகிற ஆடை மாதிரி.

பரணில் கிடந்த பழைய சாக்குகளுக்குப் பின்னால் செத்துப்போன கூகை ஒன்று காய்ந்து கிடந்தது. கறியை எறும்பு தின்றுவிட்டது. தோலும் இறகும் எலும்பும் மிச்சம். கடன்காரன் கிடங்கில் செத்த பறவையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற நாளும் தனக்கு வரும் என்று சிங்காரம் நினைத்ததில்லை. ஆனாலும் எடுத்தார். எதைச் செய்கிறோமோ அதைக் கையால் தடவிப் பார்க்காமல் உளி வைப்பவன் சிற்பி இல்லை. முதல் தடவை அந்தத் தப்பைச் செய்ததற்குத்தான் இந்தத் தண்டனை.

கண் இருந்த இடத்தில் எலும்பு வளையம் ஒன்று குழல் மாதிரி நீண்டு நின்றது. விரலால் திருகிப் பார்த்தார். மண்டையோடு இறுகிக் கிடந்தது. சரிதான், கோலிக்குண்டு மாதிரி இருந்தால்தானே உருளும்? இது குழல். குழலை எப்படி உருட்டுவது? அதனால்தான் கழுத்து சுழல்கிறது. தான் ஓடவிட்ட கடைக்கண் பார்வை எவ்வளவு பெரிய பொய் என்பது அப்போது அவருக்கு உறைத்தது.

முகத்தைச் சுற்றி விறைப்பான சின்ன இறகுகள் வரப்பு கட்டியிருந்தன. புடைக்கிற முறத்துக்கு விளிம்பு மாதிரி. அந்த விளிம்பை விரலால் பிரித்தார். உள்ளே காதுத் துளை. தலைக்கு மேலே கொம்பும் இல்லை, மடலும் இல்லை. முகத்தின் ஓரத்தில், இறகுக்கு உள்ளே ஒளித்து வைத்த பிளவு. மறுபக்கத்தைப் பிரித்தார். அங்கேயும் பிளவு. ஆனால் ஏதோ உறுத்தியது. மடியிலிருந்து செங்காவி நூலை எடுத்தார். மூக்கு நடுவில் வைத்து, குறுக்கே இன்னொரு நூலைப் பிடித்தார்.

இடது காது மேலே. வலது காது கீழே.

நூலைத் திருப்பிப் பிடித்தார். தலையைத் திருப்பிப் பிடித்தார். அதே கதை.

"த்தூ! நூல் பிடிக்காத பய எவனோ குடிச்சிட்டு செஞ்ச வேலை!" என்று சத்தமாகவே சொன்னார். நூலுக்கு ஒரு மயிரிழை தள்ளிப்போனால் அவர் பட்டறையில் கூலி கிடையாது. அவருக்கு அது நாற்றத்தைவிடப் பெரிய அருவருப்பு.

"அங்க இன்னா, யாரோட சண்டை?" ஷஃபியுல்லாவும் ஏணியேறி வந்துவிட்டார்.

"பாரு பாய். ஒரு காது மேல, ஒரு காது கீய. கோணக் கழுதை. இதுக்கு எப்படிய்யா காது கேக்கும்?"

"எப்படிக் கேக்கும்னா கேக்கற? இரு, காட்டறேன்." ஷஃபியுல்லா கீழே ஆளைக் கூப்பிட்டுக் கதவையும் சன்னலையும் அடைக்கச் சொன்னார். நடுப்பகல்தான். ஆனால் கதவு சாத்தியதும் கிடங்குக்குள் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. இரண்டு பேரும் பரணில் மூச்சை அடக்கி உட்கார்ந்தார்கள். நாற்றம் மட்டும் இருட்டில் இரண்டு மடங்காயிற்று.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே, கடலைத் தோல் குவியலில் சன்னமாக ஒரு சரசரப்பு. நின்றது. மறுபடி சரசரப்பு. சிங்காரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. தன்னையறியாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். சாய்த்ததும் இடம் பிடிபட்ட மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே காற்று லேசாக அசைந்தது. அவ்வளவுதான். சிறகடிக்கும் சத்தம் இல்லை, படபடப்பு இல்லை. கீழே "கீச்" என்று ஒரே ஒரு சத்தம். முடிந்தது.

கதவைத் திறந்தபோது கூகை உத்தரத்தில் இருந்தது. காலடியில் எலி. அதைக் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு கிட்டத்தில் அதற்குப் பார்வை நிற்காது போலும். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைச் சுற்றியிருந்த முள் போன்ற மயிரால் எலியைத் தடவித் தடவித் தலை எது வால் எது என்று தெரிந்துகொண்டது. பிறகு தலையோடு முதலில் விழுங்கியது. வால் வாய்க்கு வெளியே சற்று நேரம் ஆடியது. ஷஃபியுல்லா ரசித்துப் பார்த்தார். சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடின கண்ணுக்குள்தான் அவருக்கு விளங்கிற்று. கல் வாங்கும்போது அவர் என்ன செய்வார்? சுத்தியால் தட்டி, தலையைச் சாய்த்து, ஒரு காதை மேலேயும் ஒரு காதைக் கீழேயும் வைத்துக் கேட்பார். கல்லுக்குள் விரிசல் மேலே ஓடுகிறதா, அடியில் ஓடுகிறதா என்று அப்படித்தான் தெரியும். காது இரண்டும் சமமாக இருந்தால் இடமா வலமா என்று மட்டும் சொல்லும். மேலா கீழா என்று சொல்ல ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கவேண்டும். அவர் கழுத்தைச் சாய்த்துச் செய்வதை இந்த அசிங்கம் பிடித்த பறவைக்குப் பிறக்கும்போதே மண்டையில் வைத்து அனுப்பியிருக்கிறான் படைத்தவன். அந்தத் தட்டு முகம் சத்தத்தை வாரி இரண்டு காதிலும் கொட்டுகிறது. செத்த கூகையின் சிறகைத் தடவினார். முன்விளிம்பில் பேன் சீப்பு மாதிரி வரிசையாகப் பல். மேலே வெல்வெட்டுத் துணி. தன் சத்தமே தன் காதில் விழாமல் பறக்க வேறென்ன வேண்டும்?

"ஒயுங்கா ஒண்ணுமில்ல இதுங்கிட்ட, ஆனா ஒண்ணும் வீணில்ல" என்றார் சிங்காரம். சொல்லும்போதும் முகம் கோணித்தான் இருந்தது.

பரணை வழித்து முடித்தார். பாதி வேலையில் விட்டுவிட்டுப் போனார் என்று ஷஃபியுல்லா ஊரில் சொல்லக்கூடாது. வீட்டு வாசலில் சம்பூர்ணம் குறுக்கே நின்றாள்.

"உள்ள வராத. கிணத்தாண்ட போ. சட்டையைக் கொளுத்திடு."

"நல்ல சட்டைடி."

"நல்ல சட்டையா இருந்திச்சு."

மறுநாளிலிருந்து சிங்காரம் எவரையும் பட்டறைக்குள் விடவில்லை. தேங்காய் அளவுக் கல்லுக்குள் எங்கே இருக்கிறது கூகை என்று அவருக்கு இப்போது தெரியும். முகத்தை முன்பக்கம் தேடினால் கிடைக்காது. மூக்கைத் துருத்திக் கண்ணைக் குடைந்து அந்தப் பக்கத்துக் கல்லை முன்பே தீர்த்துவிட்டார். ஆனால் இடது கன்னம் முழுசாக இருந்தது. கிளியையோ கருடனையோ அந்தப் பக்கம் திருப்ப முடியாது, மூக்கு நீட்டக் கல் இல்லை. கூகைக்கு நீட்டவேண்டிய மூக்கே இல்லை. தட்டு முகம், கன்னத்தைச் சமமாக்கி உள்ளே குடைந்தால் போதும். உடம்பு முன்னோக்கியபடியே இருக்கட்டும், தலை மட்டும் முழுசாகத் திரும்பி அம்மாளை நிமிர்ந்து பார்க்கட்டும். வேறு எந்தப் பறவைக்குச் செய்தாலும் கழுத்தை முறித்துப் போட்டதுபோல் இருக்கும். இதற்கு அதுதான் இயல்பு.

கொம்பு இரண்டையும் தட்டி எறிந்தார். கிளி மூக்கை எடுத்தார். அந்தப் போக்கிரிக் கண் இருந்த இடம் திரும்பிய தலையின் பக்கவாட்டு வளைவாக மாறிற்று. கன்னத்தில் முறம் போன்ற முகம் வந்தது, விளிம்பில் வரப்பு வந்தது, நடுவில் இறங்கிய சின்ன மூக்கு வந்தது. விழியை ஓடவிடவில்லை. நட்ட நடுவில், அசையாமல். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சாபம் கொடுத்தார். கிடங்கு நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. ஆனால் உளி ஒரு இடத்திலும் தப்பவில்லை.

காதை மட்டும் அவர் செதுக்கவில்லை. இறகு மூடியிருப்பதை மூடியே விட்டார். கடவுளே செய்திருந்தாலும், நூலுக்கு அடங்காத வேலையைத் தன் உளி செய்யாது என்று முடிவெடுத்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கங்குலி அம்மா வந்தாள். குனிந்தாள். பிறகு விரலை நீட்டி, அந்தத் திரும்பிய கழுத்தைத் தொட்டாள்.

"எங்க ஊரு வீட்டு மாட்டுக் கொட்டாயில இருக்கும். கூப்பிட்டா இப்படித்தான் பார்க்கும். மேஸ்திரி, நீ பெஞ்சா வளர்க்கிறியா?"

"அந்தப் பீடையையா? தூ!" என்றார் சிங்காரம். அவள் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து பாக்கி எட்டு நூறையும் கொடுத்தாள். சிலையை ஜீப்பில் ஏற்றும்வரை சம்பூர்ணம் வெளியே வரவில்லை. ஏற்றிய பிறகு வந்து, சிலை இருந்த இடத்தில் சாணம் கரைத்துத் தெளித்தாள்.

சிங்காரம் வேறு சட்டை போட்டுக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக்குப் போனார். கிடங்குக்குள் நுழையவில்லை. தராசுக்கு இந்தப் பக்கமே நின்றார். ஓட்டுக்குக் கீழே குஞ்சுகள் சீறுகிற சத்தம் தெருவரை கேட்டது.

"உள்ள வாய்யா மேஸ்திரி. உன் சொந்தக்காரங்க கூப்பிடறாங்க."

"கையை நீட்டு பாய்."

"அப்படியே பலகை மேல வெச்சிட்டுப் போ."

"கையை நீட்டுன்னேன். நான் வாங்கினப்போ நீ கையில எண்ணித்தான் குடுத்தே."

ஷஃபியுல்லா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை விரித்தார். கிடங்குத் தூசி ரேகைகளில் அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் சிங்காரம் மூச்சை அடக்கிக்கொண்டார். தன் விரல் அந்தக் கையில் படாதபடி, நோட்டின் நுனியை மட்டும் பிடித்து, நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு என்று ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு பத்து ரூபாய் நோட்டு எட்டு. கடைசி நோட்டையும் விரித்த உள்ளங்கையில் வைத்துவிட்டு, மூச்சை வெளியே விட்டார்.